கிர்ஷ்னரின் 1919 நிலவுக் காட்சி: மரங்களுக்கு அந்த இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது?

தக்கலை ஓவிய ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். நிலக்காட்சி வரையச் சொன்னால் முக்கோணமாக இரண்டு பச்சை மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு என்று மாணவர்களின் கை தானாகவே போய்விடுகிறது. வேளிமலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளும் அந்த முக்கோணத்தைத்தான் போடுகிறார்கள். இதிலிருந்து அவர்களை விலக்குவதற்காக, எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1919-இல் வரைந்த பனிக்கால நிலவுக் காட்சியை வகுப்பில் காட்ட எண்ணியிருக்கிறேன். பக்கத்துக்கு ஏறத்தாழ 120 செ.மீ. அளவுள்ள சதுரத் திரைச்சீலையில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்ட இந்தப் படம் இப்போது அமெரிக்காவில், டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காட்சி சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பள்ளத்தாக்கு. மஞ்சள் நிலவு, சிவந்த மேகங்கள், ஆழ்ந்த நீல மலைகள், இளஞ்சிவப்பு மரங்கள். மனித நடமாட்டம் இல்லை.

என் சிக்கல் படத்தில் இல்லை, அதற்குத் தரப்படும் விளக்கத்தில் இருக்கிறது. கிர்ஷ்னர் சார்ந்த எக்ஸ்பிரஷனிசம் என்ற கலை இயக்கத்தைப் பற்றி எதைப் புரட்டினாலும், ஓவியர் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு உள்ளத்தில் உணர்ந்ததை வரைந்தார் என்ற ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதை நான் வகுப்பில் சொன்னால், அடுத்த வாரமே ஒரு மாணவன் கையில் கிடைத்த வண்ணங்களையெல்லாம் அப்பிக்கொண்டு வந்து, இதுதான் சார் என் உள்ளம் என்று சொல்வான். அவனுக்கு மதிப்பெண் போட வேண்டிய நான் எதைக் கொண்டு சரி, தவறு என்று சொல்வது? ஆகவே என் கேள்வி இதுதான்: இந்தப் படத்தின் நிறங்கள் கண்டவையா, கற்பித்தவையா? கிர்ஷ்னர் அந்தக் காலத்தில் மனநோயால் துன்பப்பட்டார் என்பதால் நிறங்களும் நோயின் விளைவு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் மறுக்கவும் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

குளச்சல், தற்போது சூரிக்:

வணக்கம் சார். நான் குளச்சல்காரன், பிழைப்பு சூரிக்கில். டாவோஸுக்குக் குளிர்காலத்தில் போய்த் தங்கியிருக்கிறேன் என்பதால், கண்டதா கற்பித்ததா என்ற கேள்விக்குப் பாதி விடையாவது சொல்ல முடியும்.

டாவோஸ் ஊரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் மகேந்திரகிரியின் உச்சியே அதைவிட நூறு மீட்டருக்குள்தான் கூடுதல் என்று எண்ணிப் பார்த்தால், அங்குள்ளவர்கள் எவ்வளவு மெல்லிய, ஈரமற்ற காற்றின் வழியாக மலைகளைப் பார்க்கிறார்கள் என்பது விளங்கும். அதோடு பனிக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது. அதன்மேல் எந்த ஒளி விழுகிறதோ அந்த நிறத்தை அப்படியே காட்டிவிடும். நேரடி வெயில் படாத பனிச்சரிவுக்கு வானத்தின் ஒளி மட்டுமே கிடைப்பதால் அது நீலமாகத்தான் தெரியும். யாரும் நீலம் பூச வேண்டியதில்லை. நம் ஊரில் பனி இல்லாவிட்டாலும், சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளங்களில் குவித்து வைத்திருக்கும் உப்பை விடியலில் ஒருமுறையும் உச்சிவேளையில் ஒருமுறையும் பார்த்தால் இதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்தது நேரம். 1919 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில் கிர்ஷ்னர், அன்று அதிகாலையில் நிலவு இறங்கிய காட்சியைக் குறிப்பிடுகிறார். மஞ்சள் நிலவு, சிறு சிறு இளஞ்சிவப்பு மேகங்கள், தூய ஆழ்நீல மலைகள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, வரைய ஆசைதான், ஆனால் கடுங்குளிர், இரவு முழுவதும் அடுப்பை அணையாமல் வைத்திருந்தும் ஜன்னல்கூட உறைந்துவிட்டது என்கிறார். ஆக, படத்தில் இருப்பது நள்ளிரவு அன்று. நிலவு மேற்கே சாய, கிழக்கே வெளுக்கும் வேளை. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் விடியற்காலையில் நிலவும் சூரியனும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். சித்ரா பௌர்ணமி மாலையில் குமரி முனையில் கூட்டம் கூடிப் பார்க்கும் காட்சியை விடியலுக்குத் திருப்பிப் போட்டதுபோல இது. அப்போது சூரியனுக்கு எதிர்ப்புறமாகிய மேற்கு வானத்தின் அடியில் நீலச் சாம்பல் பட்டை ஒன்றும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தோன்றும். கீழே உள்ள அந்த நீலப் பட்டை வேறொன்றும் இல்லை, வானத்தில் விழுந்த பூமியின் நிழல். குளச்சல் கடற்கரையில் வானம் தெளிவாக உள்ள எந்த விடியலிலும் இதைக் காணலாம். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் கிழக்கையே பார்ப்பதால் கடல் பக்கம் நடப்பதை வலை இழுப்பவர்களைத் தவிர அதிகம் பேர் கவனிப்பதில்லை.

இப்போது படத்துக்கு வாருங்கள். நிலவின் மஞ்சள், மேகத்தின் சிவப்பு, மலையின் நீலம் ஆகிய மூன்றும் கண்டவை என்று தயங்காமல் சொல்லலாம். கடிதத்திலும் அவை இருக்கின்றன. மரங்கள் மட்டும் அதில் இல்லை. கிர்ஷ்னர் 1918 இலையுதிர் காலத்திலிருந்து குடியிருந்த வீட்டுக்கே லார்ச் மரங்களின் நடுவே என்றுதான் பெயர். லார்ச் ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் வகை. அக்டோபரில் பொன்னிறமாகி, குளிர்காலத்தில் வெறும் பழுப்புக் குச்சிகளாக நிற்கும். செவ்வொளி பட்டால் அந்தக் குச்சிகள் சிவப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மலைகளே இன்னும் நிழலின் நீலத்தில் இருக்கும்போது, அவற்றுக்குக் கீழே பள்ளத்தாக்கின் சரிவில் நிற்கும் மரத்தில் செவ்வொளி பட வழியில்லை. எனவே என் கணக்கில், மரங்களின் நிறம் கண்ணிலிருந்து வரவில்லை. அது ஓவியரின் முடிவு.

மார்த்தாண்டம் வாசகர்:

மேலே உள்ள விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் இது ஓவியத்தை வானிலை அறிக்கையாக்கிவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. ஓவிய ஆசிரியர் ஐயா கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: இதே காட்சியைக் கிர்ஷ்னர் அதே 1919-இல் வண்ண மரச்செதுக்கு அச்சாகவும் செய்தார். அதன் அச்சுப்படிகள் மிகச் சிலவே உள்ளன. அவரே கையால் அச்சிட்ட அந்தப் படிகள் நிறத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. கண்டதை மட்டுமே தருவது நோக்கமாக இருந்தால், ஒரே விடியலுக்குப் பல நிறத்திட்டங்கள் எதற்கு? உள்ளத்தில் பொங்கியதைக் கொட்டினார் என்ற விளக்கமும் இங்கே நிற்காது, ஏனென்றால் பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளை ஒற்றி எடுத்து, மீண்டும் மை மாற்றி ஒற்றுவது பொங்கி வழிகிறவரின் வேலை இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு நிறத்தை மாற்றினால் மற்ற நிறங்களுக்கு என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்ப்பவரின் வேலை அது. ஆகவே உங்கள் மாணவனிடம் கேட்க வேண்டிய கேள்வி, இது உன் உள்ளமா என்பதன்று. இந்த இளஞ்சிவப்பை எடுத்துவிட்டால் உன் படத்தில் வேறு எது கெட்டுப்போகும் என்பதுதான். பதில் சொல்ல முடிந்தால் மதிப்பெண் கொடுங்கள்.

கிர்ஷ்னரின் படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மரங்களைக் கரும்பச்சையாக விட்டிருந்தால் சிவப்பு மேலே வானத்தோடு நின்றுபோய், படம் வானம் ஒரு துண்டு, நிலம் ஒரு துண்டு என்று இரண்டாகப் பிளந்திருக்கும். மேகத்தின் நிறத்தைக் கீழே மரத்துக்கும் கொண்டுவந்ததால்தான் நடுவில் உள்ள மலைகளின் நீலம் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது.

நோய் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1915-இல் கிர்ஷ்னர் தாமே முன்வந்து பெயர் கொடுத்து ராணுவத்தில் சேர்ந்து, பீரங்கிப் படைப்பிரிவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது உடலும் மனமும் உடைந்து விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டு வரைந்த ராணுவ வீரனாகத் தற்படம் என்ற ஓவியத்தில் தம் வலக்கை வெட்டுண்டதாகக் காட்டியிருக்கிறார். உண்மையில் அவர் கையை இழக்கவில்லை. அதன்பின் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பல மருத்துவ இல்லங்கள், மருந்துப் பழக்கம், கை செயலிழப்பு என்று ஆண்டுகள் கழிந்தன. இவற்றை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாதுதான். ஆனால் நோயாளியின் கை என்று சொல்லப்படும் அதே கைதான் 1919-இல் இந்தப் பெரிய திரைச்சீலையை இவ்வளவு உறுதியான எல்லைக் கோடுகளோடு நிரப்பியிருக்கிறது. இரவெல்லாம் அடுப்பு எரிந்ததும், விடியலுக்கு முன்னரே அவர் ஜன்னலோரம் இருந்ததும் ஒருவேளை தூக்கமின்மையால் இருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். அவ்வாறே வைத்துக்கொண்டாலும், விழித்திருக்கும் எல்லோரும் இந்தப் படத்தை வரைந்துவிடுவதில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் நோய் விளக்கத்தை வகுப்பறைக்குள் விடாமல் இருப்பது நல்லது. 1937 ஜூலையில் மியூனிக்கில் நாஜி அரசு நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சி, இத்தகைய நிறங்கள் கெட்ட கண்ணிலிருந்தும் கெட்ட மூளையிலிருந்தும் வருபவை என்றுதான் மக்களுக்குச் சொன்னது. கிர்ஷ்னரின் 639 படைப்புகள் ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றப்பட்டன. அதே ஆண்டில் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று டாவோஸிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தப் படம் 1940-இல் டெட்ராய்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து நியூயார்க் சென்று குடியேறிய கலை வணிகர் கர்ட் வாலன்டின், ஓவியரின் நினைவாகவும், அருங்காட்சியக இயக்குநர் வாலன்டினரின் அறுபதாம் பிறந்தநாளை முன்னிட்டும் இதை அன்பளிப்பாகக் கொடுத்தார். வாலன்டினரும் கிர்ஷ்னரும் 1880-இல் பிறந்த ஒத்த வயதினர்.

வடசேரித் தறி:

எங்கள் குடும்பம் வடசேரியில் நெசவுத் தொழில் செய்த குடும்பம். ஓவியம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிர்ஷ்னரின் டாவோஸ் காலத்தில் தறிக்கும் ஓர் இடம் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

1922 முதல் லீஸே குயர் என்ற நெசவுக் கலைஞர் கிர்ஷ்னரின் வரைவுகளைக் கொண்டு டாவோஸில் சுவர்த் திரைகள் நெய்தார். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முழுவதுமாக மூடும்படி, எந்த இடத்தில் எந்த நிறம் தேவையோ அந்த இடத்தில் மட்டும் அந்த நிற ஊடையை, அதாவது குறுக்கு நூலை, செலுத்தித் திருப்பும் நெசவு அது. நம் பக்கத்தில் சேலையின் கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் வர வேண்டும் என்றால் கோர்வை போட்டு நெய்வார்களே, அந்த நுட்பத்தின் உறவுக்காரன் என்று சொல்லலாம். இதில் தூரிகையால் இழுப்பதுபோல ஒரு நிறத்தை மற்றொன்றில் கரைத்து விட முடியாது. நீலம் முடியும் இடத்தில் முடியும். சிவப்பு தொடங்கும் இடத்தில் தொடங்கும். சாய்ந்து போகும் எல்லையெல்லாம் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். எனவே எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம் வரும் என்பதைத் தறியில் உட்காருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

கிர்ஷ்னர் 1923-இல் வரைந்த பனியில் டாவோஸ் என்ற படம் பாஸல் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் 1919 படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முந்தையதில் தூரிகையின் ஓட்டம் தெரிகிறது. பிந்தையதில் நிறங்கள் அகன்ற, தட்டையான பரப்புகளாக, கத்தரித்து வைத்ததைப்போல அமைந்திருக்கின்றன. 1920-களின் நடுப்பகுதியில் இந்தப் போக்கு இன்னும் வலுத்ததால், விமர்சகர்கள் அதைக் கம்பளப் பாணி என்றே அழைக்கிறார்கள். தறி அவருடைய தூரிகையை மாற்றியது என்று உறுதியாகச் சொல்வது மிகையாகலாம், ஏனெனில் மரச்செதுக்கு வேலையே அந்தத் திசையில் அவரை ஏற்கெனவே கொண்டுபோயிருக்கும். 1919 படத்துக்கும் நெசவுக்கும் தொடர்பு காட்டவே முடியாது. அது முந்திய காலம். ஆனால் உங்கள் மாணவர்களுக்கு இரண்டு படங்களையும் சேர்த்துக் காட்டினால், ஒரே பள்ளத்தாக்கு நான்கு ஆண்டுகளில் ஓர் ஓவியரின் கையில் எவ்வளவு மாறியது என்பது தெரியும்.

தக்கலை ஓவிய ஆசிரியர்:

மூவருக்கும் மிக்க நன்றி. பூமியின் நிழலைப் பற்றிப் படித்தபின் மேற்கே பார்க்கும் பழக்கம் எனக்கே வந்துவிட்டது. எங்கள் பள்ளிப் பக்கம் மேற்கே தென்னையும் ரப்பரும் மறைக்கின்றன என்பதுதான் குறை.

ஒரு துணைக் கேள்வி. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது உடன் பணிபுரியும் தமிழாசிரியர் ஓர் எதிர்வாதம் வைத்தார். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை மேல்தளத்தில் உள்ள சுவரோவியங்களில் தெய்வ உருவங்களின் மேனி பச்சையாகவும் பொன்னிறமாகவும் இருக்கிறது. மனிதத் தோல் அப்படி இல்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆகவே இயற்கையில் இல்லாத நிறத்தைப் பூசுவது ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை என்பது அவர் வாதம். அரண்மனைக்குப் பக்கத்திலேயே பள்ளி இருப்பதால் மாணவர்களும் இதைக் கேட்கக்கூடும். என்ன சொல்லலாம்? மேலும், இந்தக் காலகட்டத்து ஜெர்மானிய நிலக்காட்சிகளில் வேறு யாருடையதைக் காட்டலாம் என்றும் தெரிவியுங்கள். பனிமலை எங்கள் பிள்ளைகளுக்குச் சற்றுத் தொலைவு.

மார்த்தாண்டம் வாசகர்:

தமிழாசிரியர் சொல்வதில் பாதி சரி. புதுமை என்று கொண்டாடத் தேவையில்லை. ஆனால் உப்பரிகை மாளிகையில் பச்சை பூசிய ஓவியர் அந்த நிறத்தைத் தாம் தேர்ந்தெடுக்கவில்லை. சாத்துவிக குணமுள்ள தெய்வத்துக்குப் பச்சை, ராஜசத்துக்குச் சிவப்பும் பொன்னும் என்று, தெய்வ உருவத்தை விவரிக்கும் தியான சுலோகங்களும் மரபும் வகுத்துக் கொடுத்திருந்தன. பார்ப்பவருக்கும் அது தெரிந்திருந்தது. அந்த ஓவியரிடம் போய் ஏன் பச்சை என்று கேட்டால் ஒரே நொடியில் விடை கிடைத்திருக்கும். கிர்ஷ்னருக்கு முன்னால் அப்படி வகுத்துக் கொடுத்த நூல் எதுவும் இல்லை. டிரெஸ்டனில் 1905-இல் அவரும், ஹெக்கெல், ஷ்மிட்-ரோட்லுஃப், பிளைல் ஆகியோரும் சேர்ந்து 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கியபோது நால்வருமே கட்டடக்கலை மாணவர்கள். கலைக்கல்லூரியின் வண்ண விதிகளைக் கற்காமலேயே, கற்க விரும்பாமலேயே வந்தவர்கள். விதி இல்லாத இடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு விதியை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னே நான் சொன்ன மேகமும் மரமும் ஒரே நிறம் என்பது அப்படிப்பட்ட உள்விதிதான். இரண்டு வகை ஓவியங்களிலும் நிறத்துக்குப் பொறுப்புச் சொல்ல ஆள் இருக்கிறார். அரண்மனையில் மரபு சொல்கிறது, டாவோஸில் தனிமனிதர் சொல்கிறார்.

குளச்சல், தற்போது சூரிக்:

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மாக்ஸ் பெக்ஸ்டைனைக் காட்டுங்கள் சார். அவரும் பாலம் குழுவில் இருந்தவர்தான். பால்டிக் கடலோரத்து மீனவ ஊரான நிட்டன் அவருக்குப் பிடித்த இடம். முதல் உலகப் போருக்குப் பிறகு 1919, 1920 கோடைகளிலும் அங்கே போய் வரைந்தார். வெர்சாய் உடன்படிக்கையால் அந்தப் பகுதி ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்பட்டதும், 1921 முதல் பொமரேனியக் கரையில் உள்ள லேபா என்ற ஊருக்கு மாறிக்கொண்டார். முந்தையது இன்று லித்துவேனியாவில், பிந்தையது போலந்தில் இருக்கிறது. கரையேற்றிய படகுகள், காயும் வலைகள், மணல்மேடு, கொந்தளிக்கும் கடல், அந்திச் சூரியன் என்று அவர் வரைந்தவற்றைக் குளச்சலிலோ முட்டத்திலோ காட்டினால் விளக்கவுரையே வேண்டாம். அந்தப் படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கிர்ஷ்னர் மலையில் ஓரிடத்திலேயே ஊன்றிவிட்டவர். பெக்ஸ்டைன் ஒரு கரை போனால் மற்றொரு கரை தேடிப் போனவர். 1914-இல் பசிபிக்கில் ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த பலாவ் தீவுகள் வரை போய், போர் மூண்டு ஜப்பானியர் தீவுகளைப் பிடித்ததால் திரும்ப நேர்ந்ததும் உண்டு.

கடலென்றால் எமில் நோல்டேயின் பெயரையும் யாராவது சொல்வார்கள். அலையையும் மேகத்தையும் அவரளவுக்கு வரைந்தவர்கள் குறைவு; 1927 முதல் அவர் வாழ்ந்த ஸேபுல் சதுப்புநிலக் காட்சிகளின் நீர்வண்ணங்கள் மிக அழகானவை. ஆனால் அவரைக் காட்டும்போது முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் பறிமுதலான அவரே, 1934-இல் நாஜிக் கட்சிக் கிளை ஒன்றில் சேர்ந்தவர். யூத வெறுப்பை வெளிப்படையாகவே எழுதியவர். 2019-இல் பெர்லினில் நடந்த கண்காட்சி இந்த ஆவணங்களை வெளிக்கொணர்ந்தபோது, ஜெர்மானியப் பிரதமரின் அலுவலகச் சுவரிலிருந்தே அவர் படங்கள் இறக்கப்பட்டன. பத்தாம் வகுப்புக்கு இது சுமையா, தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைப்பேன்.

தக்கலை ஓவிய ஆசிரியர்:

அப்படியே செய்கிறேன். இந்த ஆண்டு கிர்ஷ்னரும் பெக்ஸ்டைனும் போதும். பயிற்சிக்கு வேளிமலையைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எழுத்தில் குறிப்பு: எந்த நேரம், ஒளி எங்கிருந்து, எந்த இடத்தில் என்ன நிறம். மூன்று நிறங்கள் கண்டவையாக இருக்க வேண்டும். நான்காவது நிறத்தை மாணவரே தேர்ந்து, அது எதற்காக என்று ஒரு வரியில் எழுத வேண்டும். இது சரியாக வருமா? நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஏதேனும் இருந்தாலும் சொல்லுங்கள்.

வடசேரித் தறி:

நான்காவது நிறத்தைத் தேர்வதற்கு முன், வண்ணத்தாள் துண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நூல் எடுக்கும் முன் கழிகளை, அதாவது வெவ்வேறு நிற நூல் கட்டுகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வண்ணத்தைக் குழைத்துப் பூசியபின் மாற்றுவது பிள்ளைகளுக்குச் சிரமம். தாளை நகர்த்துவது எளிது. அதே இளஞ்சிவப்பு, நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதிரியும் மஞ்சளுக்குப் பக்கத்தில் வேறு மாதிரியும் தெரிவதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மார்த்தாண்டம் வாசகர்:

தை, மாசி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. மழை ஓய்ந்து மலை தெளிவாகத் தெரியும் என்பது ஒன்று. குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இலை உதிர்ந்து, செம்பு நிறத்தில் தளிர் விடும் காலமும் அதுதான் என்பது மற்றொன்று. மரம் பச்சைதானே சார் என்று சொல்லும் மாணவனை அந்தத் தோட்டத்துக்கு ஒரு நடை அனுப்பினால் போதும். பிறகு டாவோஸ் மரங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டான்.

இன்னொன்று: வேளிமலையைத் தக்கலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் விடியலில் மலை முகம் நிழலில்தான் இருக்கும். கிழக்கே, நாஞ்சில் நாட்டு வயல்களின் பக்கம் போய்ப் பார்த்தால்தான் முதல் ஒளி மலையில் விழும். இரண்டு பக்கத்திலிருந்தும் வரையச் சொன்னால் ஒரே மலை இரண்டு நிறத்தில் வரும். இரண்டும் கண்டவையாகவே இருக்கும்.

குளச்சல், தற்போது சூரிக்:

பெரிய படியாக அச்சிட்டுக் காட்டுவதாக இருந்தால் பளபளப்புத் தாளில் போட வேண்டாம். பாலம் குழுவினர் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலால் நெகிழ்த்தி, மெழுகு சேர்த்து, மினுக்கம் இல்லாத பரப்பாகவே விரும்பிப் பூசினார்கள். பளபளப்புத் தாளில் அந்த நீலம் கண்ணாடிபோல மின்னி ஆழம் போய்விடும். நாகர்கோவிலில் பிளெக்ஸ் போடும் கடைகளிலேயே மினுக்கமில்லாத தாள் கேட்டால் கிடைக்கும். நூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. டாவோஸில் 1992-இல் திறந்த கிர்ஷ்னர் அருங்காட்சியகம் அவருடைய பல படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. டெட்ராய்ட் அருங்காட்சியகத்தின் தளத்திலும் இந்தப் படம் இருக்கிறது. கைப்பேசியில் சுற்றிவரும் நகல்களில் சிவப்பு அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருப்பதால், அந்தத் தளங்களிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.